பல்கலைக்கழக இறக்குமதிகளுக்கான சுங்க விடுவிப்பு (இந்தியா)

பல்கலைக்கழகம் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் கருவி, வேதிப்பொருள், உதிரிபாகம், உயிரியல் மாதிரி ஆகியவற்றுக்கு உரிய வரியைக் கட்டி, வேண்டிய அனுமதிகளைக் காட்டி, துறைமுகத்திலோ விமானச் சரக்கு வளாகத்திலோ இருந்து வெளியே எடுப்பது சுங்க விடுவிப்பு எனப்படும். இதை ஆளும் சட்டம் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். வணிகருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சட்டம் ஒன்றுதான். ஆய்வுக்கென வரும் பொருளுக்குத் தனிச் சலுகைகள் உண்டு. அவற்றைப் பெறத் தனிச் சான்றுகளும் வேண்டும். ‘கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது’ என்று சொல்லப்படும் பெட்டிகளில் பல, உண்மையில் கொள்முதல் ஆணை தட்டச்சான அன்றே மாட்டிக்கொண்டவை.

நடைமுறை

இறக்குமதியாளர் பில் ஆஃப் என்ட்ரி என்னும் அறிக்கையைச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையவாயில் வழியே தாக்கல் செய்ய வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதைப் பெரும்பாலும் உரிமம் பெற்ற சுங்கத் தரகரிடம் விட்டுவிடுகின்றன. ‘கிளியரிங் ஏஜென்ட்’ என்றால்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். கடல்வழிச் சரக்கானால் பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் முதல் 3 நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம் விழும். வரியைக் காலத்தில் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கிடங்குக்காரர் வசூலிக்கும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் இவற்றோடு சேராத தனிக் கணக்கு. இறக்கிய 30 நாட்களுக்குள் எடுக்கப்படாத சரக்கை, இறக்குமதியாளருக்கு அறிவிப்புத் தந்துவிட்டு ஏலத்தில் விற்கவும் சட்டம் இடம் தருகிறது.

2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் முகமறியா மதிப்பீட்டு முறை தொடங்கியது; அந்த ஆண்டு அக்டோபர் முடிவுக்குள் நாடெங்கும் பரவியது. இப்போது சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கும் நிறமாலைமானியின் ஆவணங்களை வேறொரு ஊரில் இருக்கும் அதிகாரி திரையில் பார்த்து மதிப்பிடலாம். ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்துக்கு நேரில் போய்ப் பேராசிரியர் விளக்கம் சொல்லும் வழக்கத்துக்கு இதனால் பொருள் குறைந்துவிட்டது. கருவி எதற்கு, எந்த ஆய்வுக்கு என்பதெல்லாம் தாளிலேயே இருக்க வேண்டும். சுங்க அட்டவணைக் குறிப்பெண்ணும் விலைப்பட்டியலில் உள்ள வருணனையும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். பதில் போகும்வரை பெட்டி நகராது.

மதிப்பும் வரியும்

பொருளின் விலையோடு போக்குவரத்துச் செலவையும் காப்பீட்டையும் கூட்டி வரும் தொகையின் மீதுதான் வரி கணக்கிடப்படும். போக்குவரத்துச் செலவு தெரியாதபோது ஏற்றுமதித் துறைமுக விலையில் 20 சதவீதத்தையும், காப்பீடு தெரியாதபோது 1.125 சதவீதத்தையும் சுங்கத்துறை சேர்த்துக்கொள்ளும். வெளிநாட்டு ஆய்வகம் அன்பளிப்பாக அனுப்பிய பழைய கருவிக்கும் மதிப்பு உண்டு. ‘வணிக மதிப்பில்லை’ என்று எழுதி அனுப்புவது உதவி அல்ல, உபத்திரவம்.

1996 ஜூலை 23 தேதியிட்ட 51/96 எண் அறிவிக்கை கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வு நிறுவனங்களின் முதன்மைச் சலுகையாக இருந்தது. அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்ற பல்கலைக்கழகம், பொருள் ஆய்வுக்கு இன்றியமையாதது என்னும் நிறுவனத் தலைவரின் சான்றை இணைத்தால் அடிப்படைச் சுங்கவரி 5 சதவீதத்தோடு நின்றது. நிறுவிய நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குக் கருவியை விற்கவோ மாற்றித் தரவோ கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது.

ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியிலும் இத்தகைய பொருள்களுக்கு 5 சதவீதச் சலுகை இருந்தது. அது 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டது. ஒரு கோடி ரூபாய்க் கருவியை எடுத்துக்கொண்டால், 5 சதவீத அடிப்படை வரி 5 லட்சம், அதன் மீது 10 சதவீதச் சமூகநலக் கூடுதல் வரி 50,000. கருவியின் விலையோடு இவற்றைக் கூட்டிய மொத்தத்தின் மீது ஒருங்கிணைந்த வரியாக முன்பு 5,27,500 ரூபாய் கட்டினால் போதும். 18 சதவீத விகிதத்தில் அது 18,99,000 ரூபாய். ஆக, மொத்தச் சுமை 10,77,500 ரூபாயிலிருந்து 24,49,000 ரூபாயாக ஏறியது. தொழிற்சாலை ஒருங்கிணைந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும்; கல்விச் சேவைக்கே வரிவிலக்கு இருப்பதால் பல்கலைக்கழகத்துக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. பழைய விகிதத்தை நம்பி ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தவர்கள் கருவியின் துணைப்பாகங்களைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

ஆய்வக வேதிப்பொருள்களுக்கு இந்தியச் சுங்க அட்டவணையில் 9802 என்ற தனித் தலைப்பே இருக்கிறது. 500 கிராம் அல்லது 500 மில்லிலிட்டருக்கு மேற்படாத சிப்பங்களில், தூய்மைக் குறிப்போடு வருபவை இதில் அடங்கும். 2024 ஜூலை 23 வரவுசெலவுத் திட்டம் இதன் அடிப்படை வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. ஆய்வாளர்களிடையே எழுந்த எதிர்ப்புக்குப் பின், சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குவோருக்கு நிபந்தனைகளோடு 10 சதவீத விகிதம் சில நாட்களிலேயே மீட்டுத் தரப்பட்டது.

பிற துறைகளின் அனுமதி

ஆய்வுக்கான விதைக்கும் மரபுவளத்துக்கும் புதுடெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். கதிரியக்க மூலங்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும், கம்பியில்லா அலைவரிசையில் இயங்கும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையும் அனுமதி தர வேண்டும். உயிருள்ள விலங்குகளுக்கும் திசுக்களுக்கும் விலங்கு நோய்த்தடுப்புப் பிரிவின் பார்வை உண்டு. உலர்பனியில் வரும் நொதிகளின் நிலை இன்னும் சங்கடம்: பனி ஆவியாகிக்கொண்டே இருக்கும், வெள்ளிக்கிழமை மாலை வந்த பெட்டிக்குத் திங்கட்கிழமை அனுமதி கிடைத்தால் உள்ளே இருப்பது பயனற்ற திரவமாக இருக்கலாம். அனுப்பும் கிழமையைத் தேர்வதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

பழுதுக்கு அனுப்பித் திரும்பும் கருவி

பழுதுபார்க்க வெளிநாடு போய்வரும் கருவிக்கு முழு மதிப்பில் வரி இல்லை. 45/2017 எண் அறிவிக்கையின்படி, பழுதுச் செலவு, இருவழிப் போக்குவரத்துச் செலவு, காப்பீடு ஆகியவற்றின் மீது மட்டுமே வரி. உத்தரவாதக் காலத்தில் இலவசமாகச் சரிசெய்தாலும் அந்த வேலையின் நியாயமான செலவு கணக்கில் சேரும். போன கருவியே திரும்பி வந்திருக்கிறது என்று காட்ட, அனுப்பும்போதே ஏற்றுமதி ஆவணத்தில் அதன் வரிசை எண் பதிவாகியிருக்க வேண்டும். உற்பத்தியாளர் பழையதை வைத்துக்கொண்டு புதியதை அனுப்பினால் இந்தச் சலுகை பொருந்தாது.