கணிப்பொறிக்கு இட்ட வேலி

கணிப்பொறி வாங்குவோரிடம், காவல் மென்பொருள் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுமாறு கடைக்காரர் கூறுவது வழக்கம். பயிரிட்டவன் வேலியும் இடவேண்டுமல்லவா என்று நாமும் இசைந்துவிடுகிறோம். அவ்வேலி உண்மையிலேயே பயிரைக் காத்ததா என்று கேட்டால், வரலாறு சற்றுத் தயங்கியே விடை பகர்கிறது.

2004-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்ததை நேயர்கள் கேளுங்கள். அமெரிக்காவின் இன்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் ‘பிளாக்ஐஸ்’ முதலிய காவல் மென்பொருள்களை விற்று வந்தது. இணையத்தின் வழியே வருவனவற்றைப் பிரித்துப் பார்த்துத் தீயவற்றைத் தடுப்பது அவற்றின் வேலை. ‘ஐ.சி.க்யூ.’ என்னும் உரையாடற் சேவையின் செய்திகளைப் பிரித்துப் பார்க்கும் பகுதியில் ஒரு பிழை இருந்தது. அச்செய்தி 18-ஆம் நாள் வெளியாயிற்று. இரண்டு நாளில், ‘விட்டி’ எனப் பெயர்பெற்ற புழுநிரல் அப்பிழை வழியே புகுந்து, ஏறத்தாழ முக்கால் மணி நேரத்திற்குள் 12,000 பொறிகளைப் பற்றிக்கொண்டது. பரவிக்கொண்டே, வட்டில் சேமித்திருந்தவற்றின்மீது பொருளற்ற எழுத்துக்களைக் கிறுக்கி அழித்தும் வந்தது. உரையாடற் சேவையைத் தொட்டறியாதவர்களின் பொறியும் தப்பவில்லை. கடிதத்தைப் பிரித்தவன் காவலாளன்றோ! காவல் மென்பொருளே இல்லாத பொறிகளையோ அப்புழு தீண்டவும் இயலவில்லை.

இதன் காரணம் புதிதன்று. காப்பு முறை சிறியதாகவும் எளியதாகவும் இருத்தல் வேண்டும், எந்த நிரலுக்கும் அதன் பணிக்கு வேண்டியதற்கு மேல் அதிகாரம் தரலாகாது என்று சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975-இலேயே எழுதினர். காவல் மென்பொருளோ பெரியது. பொறியின் அடிமட்டம்வரை அதிகாரமும் உடையது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பழுதுற்ற புதுப்பிப்பு ஒன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் நிலைகுலைந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் இடருற்றன. அன்று திருடன் எவனும் வரவில்லை. 78 நிமிடங்களில் அப்புதுப்பிப்பு திரும்பப் பெறப்பட்டும், பற்பல பொறிகளை ஆட்கள் நேரில் சென்று ஒவ்வொன்றாகச் சீர்செய்ய வேண்டியதாயிற்று.

முன்பே அறியப்பட்ட நச்சுநிரல்களை இம்மென்பொருள்கள் நாள்தோறும் பிடிக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுவரின் ஓட்டையை அடைக்காதவன் வாயிலில் எத்தனை காவலரை நிறுத்தி என்ன? 2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் புழுநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச்சு 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதை இட்டிருந்த பொறிகளில் அவ்வழியே அப்புழுவால் நுழைய முடியவில்லை.