வெளியேற்றப்பட்டோரின் உரிமையும் ஆவணங்களின் சாட்சியமும்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் சோனகத்தெருவிலும் அதனை அண்டிய வீதிகளிலும் ஒலிபெருக்கிகள் ஒலித்தன. முஸ்லிம் மக்கள் ஒஸ்மானியா கல்லூரியை அண்மித்த ஜின்னா மைதானத்தில் ஒன்றுகூடுமாறு அறிவிக்கப்பட்டனர். அங்கு கூடியவர்களுக்கு, இரண்டு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற விடுதலைப் புலிகளின் உத்தரவு தெரிவிக்கப்பட்டது. கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவை சில உடுப்புகளும் சொற்பப் பணமும் மட்டுமே. வசதி படைத்த வர்த்தகர்கள் சிலர் தடுத்து வைக்கப்பட்டனர். மாலைப் பொழுதுக்குள் பல நூற்றாண்டு கால வாழ்வுக்குரிய ஒரு சமூகம் குடாநாட்டிலிருந்து அகற்றப்பட்டுவிட்டது.

சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு இரு வாரங்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களிலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் அதே மாதத்தில் அதே கதி நேர்ந்தது. வடக்கு முழுவதிலுமாக வெளியேற்றப்பட்டோர் தொகை 70,000க்கும் 75,000க்கும் இடைப்பட்டதென மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் கல்பிட்டி, பாலாவி, தில்லையடி முதலான இடங்களில் ஓலைக் குடிசைகளில் தஞ்சமடைந்தனர். சில வாரங்களுக்கென எண்ணிய தங்கல் மூன்றரைத் தசாப்தங்களாக நீண்டுள்ளது.

இந்த வெளியேற்றம் நிகழ்ந்தது என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில் விடுதலைப் புலிகளே இதனை ஓர் அரசியல் தவறென ஒப்புக்கொண்டனர். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தனது 2011ஆம் ஆண்டு அறிக்கையில் இம்மக்களின் நிலை குறித்து விசேட விதந்துரைகளை முன்வைத்தது. ஆனால், ஒரு கொடுமை நடந்ததென்று பொதுவில் ஏற்றுக்கொள்வது வேறு; "உமது வீடு எங்கே இருந்தது, அதற்கு என்ன அத்தாட்சி?" என்று அரச அலுவலகத்து மேசைக்கு முன்னால் கேட்கப்படும்போது விடை கூறுவது வேறு. முன்னையது கிடைத்துவிட்டது. பின்னையதிலேயே இம்மக்கள் தொடர்ந்தும் தடுமாறி நிற்கின்றனர்.

ஜேர்மனி தரும் பாடம்

இந்த இடைவெளி எத்துணை பெரிதாகலாம் என்பதற்கு ஐரோப்பாவில் ஓர் உதாரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நாஜி ஜேர்மனி தான் கைப்பற்றிய நாடுகளின் யூத மக்களைக் கெட்டோ எனப்படும் அடைப்புக் குடியிருப்புகளுக்குள் ஒதுக்கி வைத்தது. பட்டினியைத் தவிர்ப்பதற்காக அங்கு தையல், தோல், உலோக வேலைகளில் ஈடுபட்டோர் ஏராளம். அவர்களுட் பெரும்பாலோர் பின்னர் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோருள் ஒருவர் தொடுத்த வழக்கில், லோட்ஸ் நகர கெட்டோவில் செய்த வேலையும் ஓய்வூதியத்துக்குரிய தொழிலே என 1997இல் ஜேர்மனியின் உயர் சமூக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் அடிப்படையில் 2002இல் கெட்டோ ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் வந்ததும் சுமார் 70,000 முதியோர் விண்ணப்பித்தனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஆரம்பத்தில் நிராகரிக்கப்பட்டன. குறிப்பிட்ட ஊரில் கெட்டோ இருந்ததா, வேலையைத் தாமாக விரும்பிச் செய்தனரா, அதற்குக் கூலி பெற்றனரா என்ற மூன்று கேள்விகளுக்கும் விண்ணப்பதாரியே அத்தாட்சி காட்ட வேண்டியிருந்தது. லோட்ஸ் போன்ற பெருநகரங்களின் நிருவாகப் பதிவேடுகள் எஞ்சியிருந்தன. சிற்றூர்களுக்கோ அவ்வாறான எதுவும் இல்லை. மேலும், கட்டாய உழைப்புக்கான நஷ்டஈடு கோரி முன்னர் நிரப்பிய படிவங்களில் "பலவந்தமாக வேலை வாங்கப்பட்டேன்" என எழுதியவர்களுக்கு, அதே வாக்கியம் பின்னர் எதிர்ச் சாட்சியமாயிற்று. விரும்பிச் செய்த வேலையன்று என்பதால் ஓய்வூதியம் இல்லையெனக் கூறப்பட்டது.

நிலைமையை மாற்றியது ஆவணப்படுத்தலே எனலாம். எஸ்ஸன் நகர நீதிமன்றத்து நீதிபதி ஒருவர் படிவங்களை மட்டும் நம்பித் தீர்ப்பெழுத மறுத்தார். வரலாற்றாசிரியர்களிடமிருந்து ஊர்வாரியாக அறிக்கைகளைப் பெற்றார். இஸ்ரேலுக்கே சென்று முதியோரின் வாய்மொழியை நேரிற் செவிமடுத்தார். 2009இல் உயர் சமூக நீதிமன்றம் தனது அளவுகோலைத் தளர்த்தியது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, 1997 முதலான நிலுவையைப் பெறவும் வழி செய்யப்பட்டது. இதே காலப்பகுதியில் ஜெரூசலத்தின் யாட் வஷெம் நிலையம் 2009இல் கெட்டோக்கள் பற்றிய இரு தொகுதிக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. வாஷிங்டனிலுள்ள நினைவு அரும்பொருளகம் 2012இல் கிழக்கு ஐரோப்பாவின் 1,150க்கும் மேற்பட்ட கெட்டோக்களைப் பதிவு செய்தது. ஓர் ஊரின் வரலாறு இவ்வாறு நிலைநாட்டப்பட்டபின், அவ்வூரிலிருந்து வந்த மூதாட்டி தனித்து நின்று அதனை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாமற் போகின்றது. ஆயினும், இந்த நீதி கிட்டுமுன்னர் காலமானோர் பலர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

யூத மக்களுக்கு நேர்ந்தது இன அழிப்பு. வடக்கு முஸ்லிம்களுக்கு நேர்ந்தது வெளியேற்றம். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது எமது நோக்கமன்று. பாதிக்கப்பட்டவனிடமே அத்தாட்சி கேட்கும் அரச நடைமுறை எங்கும் ஒரே விதமாகவே செயற்படுகின்றது என்பதையே சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

பதிவேடுகளில் விழுந்த இடைவெளி

எமது நாட்டின் குடிசன மதிப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 14,000 முஸ்லிம்கள் வாழ்ந்தனர். 1991இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு யாழ்ப்பாணத்தை எட்டவில்லை. அடுத்த முழுமையான கணக்கெடுப்பு 2012இலேயே நிகழ்ந்தது. வெளியேற்றமோ இந்த முப்பத்தோராண்டு இடைவெளியின் நடுவே நிகழ்ந்தது. அச்சமூகம் இங்கு இருந்ததற்கும் பின்னர் இல்லாமற் போனதற்குமான அரச கணக்கு இவ்வாறு மௌனமாகிவிட்டது.

தனி மனிதரின் நிலை இதனினும் சிக்கலானது. காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பலருக்குக் கைவிட்டுப் போயின. புத்தளத்தில் பிள்ளையைப் பாடசாலையிற் சேர்ப்பதற்கும் உலர் உணவு நிவாரணம் பெறுவதற்கும் அங்கு பதிவு செய்தாக வேண்டும். யுத்தம் முடிந்து 2009இன் பின் ஊர் திரும்பி வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தபோதோ, "நீர் இங்கு நிரந்தர வதிவாளர் அல்லர்" என்ற பதில் கிடைத்தது. இங்கு பதிந்தவர் அங்கு உரிமையிழந்தார். அங்கு பதிந்தவர் இங்கு அந்நியரானார். முன்னைய படிவம் பின்னைய உரிமைக்குப் பகையாகும் இவ்விபரீதம் கெட்டோ ஓய்வூதிய விண்ணப்பதாரிகள் அனுபவித்ததையே ஒத்தது. வாக்காளர் பதிவைப் பொறுத்தவரையில் 2013ஆம் ஆண்டு விசேட சட்டமொன்று ஓரளவு நிவாரணம் அளித்தது. ஏனைய சேவைகளுக்கு அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை.

இதனுடன் "பழைய இடம்பெயர்ந்தோர்", "புதிய இடம்பெயர்ந்தோர்" என்ற பாகுபாடும் சேர்ந்துகொண்டது. 2008 ஏப்ரலின் பின் இடம்பெயர்ந்தோருக்கே மீள்குடியேற்ற உதவிகளில் முன்னுரிமை வழங்கப்பட்டது. 1990இல் ஒரு குடும்பமாகச் சென்றவர்கள் மக்களும் பேரருமாகப் பல குடும்பங்களாகத் திரும்பினர். பழைய பதிவேட்டிலோ ஒரு பெயரே இருந்தது.

காணி விடயத்தில் காலமே எதிரியாயிற்று. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பத்தாண்டுகள் தடையின்றி அனுபவித்த காணிக்கு உரிமை கோரலாம். துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டவர் வழக்குத் தொடரவில்லை என்பதைக் குற்றமாகக் கொள்ள முடியுமா? இந்த அநீதியை உணர்ந்தே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றத்தை நாட இயலாமற் போனோருக்கு அச்சட்டம் விலக்களித்தது. ஆனால், வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசமே வழங்கப்பட்டது. உறுதியைத் தேடுவதிலேயே காலத்தைச் செலவிட்ட ஏழைக் குடும்பத்துக்கு அந்த அவகாசம் எம்மாத்திரம்?

எஞ்சியிருப்பவை எவை

உறுதி தொலைந்ததனால் உரிமை தொலைந்துவிடுவதில்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியினதும் பிரதியொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது சட்டம். மாநகர சபையின் சோலைவரிப் பதிவுகள், வெளியேற்றத்துக்கு முந்திய வாக்காளர் இடாப்புகள், பாடசாலைச் சேர்வு இடாப்புகள், பள்ளிவாசல்களின் நிக்காஹ் பதிவுகள், புத்தளத்து நிவாரண அட்டைகள் என்பனவும் சான்றுகளே. இவற்றுள் எவை எங்கு எஞ்சியுள்ளன என்பதைத் தேடித் திரட்டுவது ஒரு தனி மனிதரால் ஆகக்கூடிய பணியன்று.

இத்திசையில் முயற்சிகள் இல்லாமலும் இல்லை. சிவில் சமூக அமைப்புகளின் முன்னெடுப்பில் 2009இல் உருவான வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் தொடர்பான பிரஜைகள் ஆணைக்குழு மக்களின் சாட்சியங்களைத் திரட்டி 2011இல் தனது இறுதி அறிக்கையை வெளியிட்டது. நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணியின் 2017ஆம் ஆண்டு அறிக்கையிலும் இம்மக்களின் குரல் பதிவாகியுள்ளது. எனினும், இத்தகைய அறிக்கையைக் காட்டி ஒருவர் பிரதேச செயலகத்தில் எதனையும் பெற்றுவிட இயலாது. அதற்கு அரச அங்கீகாரம் வேண்டும். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டு அலுவலகம் நிறுவப்பட்டமை இதற்கான வாசலைத் திறந்துள்ளது.

ஆகவே, செய்யப்பட வேண்டியது தெளிவு. வடக்கின் ஒவ்வொரு முஸ்லிம் குடியிருப்பும் வட்டாரவாரியாக, வீதிவாரியாக ஆவணப்படுத்தப்பட வேண்டும். 1990 ஒக்டோபரில் எந்த வீட்டில் எக்குடும்பம் வாழ்ந்தது, எக்கடை எவருக்குரியது என்ற வரைபடம் தயாரிக்கப்பட வேண்டும். அது இழப்பீட்டு அலுவலகத்தால் ஏற்கப்பட்ட பின்னர், அவ்வீதியைச் சேர்ந்தவர் என்று காட்டுவதே போதிய அத்தாட்சியாக வேண்டும். நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவரின் தோளிலிருந்து அரசின் தோளுக்கு மாற வேண்டும்.

இப்பணியில் தமிழ் மக்களுக்கும் பெரும் பங்குண்டு. அயல் வீட்டார் இன்னார் என்று அறிந்த தமிழ் முதியோர் இன்றும் யாழ்ப்பாணத்தில் வாழ்கின்றனர். சோனகத்தெருத் தையற்காரரிடம் உடுப்புத் தைத்தவர்களும் ஒஸ்மானியாவில் கற்பித்தவர்களும் உள்ளனர். செனட்டர் ஏ. எம். ஏ. அஸீஸ் பிறந்த வண்ணார்பண்ணை இரு சமூகத்தாரும் அருகருகே வாழ்ந்த மண். அயலவர் ஒருவரின் சத்தியக் கடதாசி ஆயிரம் அனுதாபக் கூட்டங்களை விடப் பயன் மிக்கது. அன்று வெளியேற்றத்தைத் தடுக்க இயலாது மௌனமாக நின்றோருக்கு இது தாமதமாகவேனும் பேசக் கிடைத்த சந்தர்ப்பமாகும்.

ஏதிலி வாழ்வு தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் பல இலட்சம் பேர் ஓர் இரவில் வீடுகளைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகளுக்காக வலிகாமம் வடக்கு மக்கள் உறுதிகளைக் கையில் ஏந்தியவாறு பல்லாண்டுகள் முகாம்களிற் காத்திருந்தனர். கடதாசி இல்லாதவனின் நிலை என்னவென்பது இரு சமூகங்களுக்கும் தெரியும். முஸ்லிம்களுக்கென ஏற்படுத்தப்படும் முன்னுதாரணம் நாளை தமிழருக்கும் துணையாகும்.

1990இல் முப்பது வயதில் வெளியேறியோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அன்று குடும்பத் தலைவர்களாயிருந்தோருட் பலர் புத்தளத்து மையவாடிகளில் அடங்கிவிட்டனர். ஜேர்மனியில் நீதி வந்து சேர்ந்தபோது அதனைப் பெற வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் உயிரோடு இல்லை. எமது நாட்டிலும் அவ்வாறு நேராதிருக்க வேண்டுமாயின், நினைவில் உள்ளவை கடதாசிக்கு வருவதற்கு இனியும் தாமதம் கூடாது.