உழவில் புரண்ட ஆமை: திருச்சி வட்டாரத்தில் நன்னீராமைப் பிடிப்பின் வரலாறு

ஆமை திருமாலின் அவதாரம், ஆகவே தமிழர் அதைப் பிடிப்பதோ தின்பதோ இல்லை என்று ஒரு கருத்து அவ்வப்போது எழுதப்படுகிறது. காவிரிக் கரையில் இந்தக் கருத்து நிற்காது. மச்சாவதாரம் மீன் குழம்பைத் தடுக்கவில்லை. கூர்மாவதாரம் மட்டும் ஆமைக் கறியைத் தடுத்தது என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டும். இலக்கியச் சான்றுகளோ நேர்மாறாகப் பேசுகின்றன. அவற்றுள் முக்கியமான ஒன்று, இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூரைப் பற்றியது.

புறநானூற்றின் 212ஆம் பாடலில் பிசிராந்தையார் தம் அரசன் யார் என்று கேட்போருக்கு, பாண்டிய நாட்டவராக இருந்தும், உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனைச் சுட்டுகிறார். சோழனின் நாட்டுப் பெருமையாக அவர் காட்டுவது யானைப் படையை அல்ல, களமர்களின் சாப்பாட்டை. வடித்த கள், வேகவைத்த ஆமை இறைச்சி, சுட்ட ஆரல் மீன் ஆகியவற்றை வயல் வேலைக்காரர்கள் வயிறாரத் தின்று, வேலையை மறந்து விழாக் கொண்டாடுகிறார்கள். வேறொரு சோழனான கிள்ளிவளவனை இடைக்காடனார் பாடிய 42ஆம் பாடலில், உழுபவர்களின் கலப்பை புரட்டிப்போட்ட ஆமை, வன்புலத்திலிருந்து வரும் உறவினருக்கு மருதநிலத்தார் படைக்கும் விருந்தில் சேர்கிறது. காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பாடும் பட்டினப்பாலையில் பரதவர் கடல் இறாலைச் சுட்டும் வயலாமையை வேகவைத்தும் உண்கிறார்கள்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி துலங்குகிறது. கடலோரத்துப் பரதவர்கூடத் தின்பது வயலாமையைத்தான். ஆமை வரும் வழியாக இடைக்காடனார் சொல்வது கலப்பையை. தூண்டிலோ வலையோ அங்கே பேசப்படவில்லை. என் வாதம் இதுதான்: காவிரிச் சமவெளியில் ஆமை பிடித்தல் ஒரு தனி வேட்டைத் தொழிலாகத் தொடங்கவில்லை. நெல் விவசாயத்தின் உடன்விளைவாகக் கிடைத்தது அது. பிற்கால மாற்றங்களையும் நீர்ப்பாசனத்தின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால்தான் அவை விளங்கும்.

கலப்பையில் ஆமை எப்படிச் சிக்கும்? விடை பாலாமையின் வாழ்க்கையில் இருக்கிறது. லிசெமிஸ் பங்டேட்டா என்று விலங்கியலார் வழங்கும் இந்த ஆமை ஏரி, குளம், வாய்க்கால், நெல் வயல் என்று ஓட்டம் குறைந்த நீரில் வாழும். ஓட்டின் மேல் மென்தோல் போர்த்தியிருக்கும். பின்காலை உள்ளே இழுத்துக்கொண்டால் வயிற்றுப்புறத்து மடல் மூடிக்கொள்ளும். நீர் வற்றினால் வேறு குளம் தேடி நடக்கும், இல்லையேல் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைவரை உறங்கும். கோடையில் புதைந்தது, புதுத் தண்ணீர் பாய்ந்து முதல் உழவு ஓடும்போது கலப்பைக் கொழுவில் புரண்டு மேலே வரும். மருதநிலத்துப் புலவர் பார்த்தது இதைத்தான் என்று கொள்ளலாம். இதே நீர்நிலைகளில் வாழும் கார் ஆமைக்குக் கெட்டி ஓடு. பிடித்தால் துர்நாற்றம் விடும். அதனால் சட்டிக்குப் போனது பெரும்பாலும் பாலாமையே.

புதைந்த ஆமையைத் தேடும் முறைகளும் இந்த உறக்கத்தையே நம்பியிருந்தன. வற்றிய குளத்துச் சேற்றைக் காலால் மிதித்துத் தடவுவது ஒன்று. கூரான கம்பியால் அங்கங்கே குத்திப் பார்ப்பது இன்னொன்று. கம்பி ஓட்டில் பட்டால் எழும் மொத்தென்ற ஓசை, கல்லில் பட்ட ஓசையிலிருந்து வேறுபட்டது, பழகிய காதுக்கு அது போதும். தண்ணீர் இருக்கும் காலத்தில் தவளையோ கோழிக் குடலோ மாட்டிய தூண்டில் உதவும். கோடையில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவில் ஊரே ஊத்தா என்னும் மூங்கில் கூடையோடு குளத்தில் இறங்கும்போது, விராலுக்காகக் கவிழ்த்த ஊத்தாவுக்குள் ஆமை முட்டுவது உண்டு. ஆமைக்கென்று தனியான பொறியோ படகோ இந்த வட்டாரத்தில் தேவைப்படவில்லை. வட அமெரிக்க ஏரிகளில் ஸ்நாப்பிங் ஆமையைப் பிடிக்க இரை கட்டிய வளைய வலைகளும், அதை வாங்கிச் சூப்பாக்கும் சந்தையும் உருவானதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே அது பண்டம். இங்கே வழியில் கிடைத்த கறி.

குளத்தின் மீனுக்கு உரிமையாளர் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம், ஏரி மீனிலிருந்து வந்த வருவாய். அதை ஏரியைத் தூர் எடுக்கச் செலவிட்டார்கள். இன்றும் கண்மாய் மீனை ஏலம் விடுவதற்கு மீன்பாசிக் குத்தகை என்றே பெயர். குத்தகைதாரருக்கு மீன்தான் காசு. ஆமை அவருக்கு வலையைக் கிழிக்கும், குஞ்சைத் தின்னும் தொல்லை. அதனால் மீனைத் தொட முடியாத கூலிக்காரருக்கு ஆமை தடையில்லாத உணவாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். குத்தகை இறுக இறுக ஆமைக் கறி ஏழையின் கறியாக ஆனதற்கு இது ஒரு காரணமாகலாம்.

அரசனைப் புகழும் பாட்டில் இடம்பெற்ற உணவு எப்போது வெளியே சொல்லக் கூசும் உணவானது? ஒரு தேதியைக் குறிக்க முடியாது. ஆற்றின் நடுவே ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் என்ற இரு பெருங்கோயில்களின் நிலங்களும் மடங்களும் வளர்ந்து, சைவ உணவே உயர்வின் அடையாளமான நீண்ட காலத்தில் அது மெல்ல நடந்தது. ஆமையை அடக்கத்துக்கு உவமை சொன்ன குறளும் ஆமையைத் தின்ற களமரும் ஒரே மொழியில் சங்கடமின்றி இருந்த நிலை போய்விட்டது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்ற பழமொழி இன்றைய வடிவில் நீதிமன்ற அமீனா வந்த பிறகே உருவாகியிருக்க முடியும். அதன் வயது நாம் நினைப்பதைவிடக் குறைவு. இன்னொரு பக்கம், ஆமைக் கறி மூலத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை அதை உணவிலிருந்து மருந்துக்கு நகர்த்தியது. மருந்து என்றால் யாரும் வாங்கலாம், சாதி கெடாது!

ஆற்றில் நடந்தது வேறு கதை. காவிரியில் பாலாமையைவிடப் பெரிய ஒன்றும் உண்டு: லீத் மெல்லோட்டாமை. 1872இல் ஜான் எட்வர்ட் கிரே இதை அறிவியலுக்கு விவரித்தார். ஓடு மட்டும் இரண்டடி அளவுக்கு வளரும். மீன், நண்டு, நத்தை தின்னும். தீபகற்ப இந்தியாவின் ஆறுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. இதற்கு ஆழமான மடுவும் முட்டையிடக் கரையும் வேண்டும். 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நீரைப் பங்கிட்டதோடு ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றிய ஆற்றின் இயல்பு மாறத் தொடங்கியது. 1934இல் மேட்டூர் அணை வந்ததும் வெள்ளம் கால அட்டவணைக்குள் அடங்கியது: ஜூன் 12இல் திறப்பு, ஜனவரி 28இல் அடைப்பு. அடைப்புக்கும் அடுத்த திறப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஆறு மணல் வெளியாகக் கிடந்தது. பின்னர் கொள்ளிடத்தின் மணலும் லாரியில் ஏறியது. மீன்பிடிப்பவன் கொன்ற ஆமைகளை மட்டும் கணக்கில் எடுத்து, கரையோடு போன முட்டைகளை விட்டுவிடும் எழுத்துகள் பாதி வரலாற்றையே சொல்கின்றன.

வயலிலும் இதுவே நடந்தது. மரக்கலப்பை ஆமையைப் புரட்டிப்போட்டது. கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் பூட்டிய டிராக்டர் அதை நசுக்கும். வாய்க்கால்களுக்குக் காங்கிரீட் கரை கட்டினால் முட்டையிட மண் கிடைக்காது. உறையூரை ஒட்டி ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் நகரத்தின் சாக்கடையும் கலந்தது.

சட்டம் இதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையான முதல் அட்டவணையில் பாலாமை இடம்பெற்றது. வயலில் தற்செயலாகக் கிடைத்த ஆமையைச் சமைத்தாலும் அது புலியைக் கொன்ற குற்றத்தோடு ஒரே வரிசையில் நின்றது. ஆனால் அதைவிட அரிதான லீத் ஆமை வெகுகாலம் நான்காம் அட்டவணையிலேயே இருந்தது. அட்டவணை தயாரித்தவர்களுக்குத் தென்னிந்திய ஆறுகள் தொலைவில் இருந்தன போலும். அந்த இடைவெளியை நிரப்பக் களத்தில் இறங்கியவர்களில் சென்னைப் பாம்புப் பண்ணையில் பணிபுரிந்த ஜெ. விஜயா முதன்மையானவர். 1980களில் நாட்டின் ஆமைச் சந்தைகளை நேரில் ஆராய்ந்த இவர் 1987இல் இளம் வயதிலேயே மறைந்தார். கேரளக் காட்டில் அவர் மீண்டும் கண்டெடுத்த பிரம்பாமையின் பேரினம் இன்று அவர் பெயரால் விஜயகெலிஸ் என வழங்குகிறது. லீத் ஆமையின் எண்ணிக்கை 30 ஆண்டுகளில் 90 விழுக்காடு சரிந்ததாகக் கூறி இந்தியா வைத்த முன்மொழிவு, 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய, வனவுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாட்டில் ஏற்கப்பட்டு, அந்த ஆமை பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட முதல் பிற்சேர்க்கைக்கு உயர்ந்தது. ஸ்நாப்பிங் ஆமைகளின் வணிகக் கட்டுப்பாட்டை இறுக்கியதும் இதே மாநாடுதான்.

இப்போது திருச்சியில் ஆமை செய்தியாவது பெரும்பாலும் விமான நிலையத்தில். 2023 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகளைச் சுங்கத்துறையினர் கைப்பற்றினர். அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகையைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியைத் தடுத்தது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றவர்களின் பேரப்பிள்ளைகள் அதிர்ஷ்டத்துக்காக இதைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக வாங்கியது தட்டளவு வளர்ந்ததும் தொட்டி போதாது, குளத்தில் விடுகிறார்கள். திருச்சூர் அருகே கால்வாயில் இது காணப்பட்டதும், வளர்ப்போர் ஆற்றில் விடாமல் தங்களிடமே ஒப்படைக்கும்படி பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கேட்டு வாங்கத் தொடங்கியது.

குளத்தில் விட்ட பிறகு மீட்பது கடினம். வெளிநாடுகளில் இதைப் பிடிக்க மிதக்கும் கட்டைப் பொறியை வைக்கிறார்கள். வெயில் காய ஏறும் ஆமை நடுவிலுள்ள கூண்டுக்குள் சறுக்கி விழும். ஊத்தாவும் கம்பியும் வற்றிய குளத்துக்கும் சேற்றில் உறங்கும் பாலாமைக்குமாக உருவானவை. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் நகரத்துக் குளத்தில், ஆள் நிழல் பட்டதும் கட்டையிலிருந்து நழுவி ஆழத்துக்குப் போகும் இந்த வந்தேறியிடம் அவை செல்லாது.