ஊர்ப் பணமும் ஊர்ப் பந்தும்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் என்றொரு சிறிய கால்பந்து அரங்கம் உண்டு. அதனருகே ஒரு புல்மேடு. 2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த மேட்டின்மீது ஒரு விந்தைக் காட்சியைக் காண முடிந்தது. அரங்கத்தினுள்ளே இருக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தன. வெளியே, மேட்டின்மீது, ஒரு கூட்டம் நின்றவாறே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டு வாங்கக் காசில்லாதவர்கள் அல்லர் அவர்கள். கொடுக்கும் காசு தங்கள் கழகத்தின் உரிமையாளரைச் சென்றடையக் கூடாது என்ற வைராக்கியம் கொண்டவர்கள். முப்பத்தைந்து மைல் தொலைவிலுள்ள கொவெண்ட்ரியிலிருந்து வந்து நின்றவர்கள். தம் கழகத்தின் பழைய நிருவாகி ஜிம்மி ஹில்லின் பெயரால் அந்த மேட்டை ‘ஜிம்மியின் மேடு’ என்றே அழைத்தார்கள்.

கொவெண்ட்ரியில் முப்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய புதிய அரங்கம் இருந்தது. அதைக் கட்டுவித்ததில் நகரசபைக்குப் பெரும் பங்குண்டு. அப்படியிருந்தும் ஊரின் பெயரைத் தாங்கிய அணி ஏன் அயலூர் மண்ணில் ஆடிற்று? இதற்கு விடை காண, கொவெண்ட்ரியின் கதையைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தாக வேண்டும்.

கொவெண்ட்ரி உழைப்பாளிகளின் நகரம். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் என்று அந்நகர் உலகத்துக்குச் சக்கரம் செய்து கொடுத்தது. 1883இல் சிங்கர் சைக்கிள் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் கூடி அமைத்த கழகமே, 1898இல் கொவெண்ட்ரி சிட்டி என்று பெயர் மாறியது. மறு ஆண்டு முதல் ஹைஃபீல்ட் ரோடு மைதானம் அதன் வீடாயிற்று. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் நகரின் நெஞ்சையே எரித்துச் சாம்பலாக்கின. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த ஊர், போருக்குப் பின் மோட்டார்த் தொழிலால் செழித்தது. ஊர் செழித்த நாளில் கழகமும் செழித்தது. 1961இல் பொறுப்பேற்ற ஜிம்மி ஹில், ஆறே ஆண்டுகளில் அதை முதல் பிரிவுக்கு உயர்த்தினார்.

எழுபதுகளின் இறுதியில் தொழிற்சாலைகள் தளரத் தொடங்கின. ட்ரையம்ப் மோட்டார்கள் பிறந்த கான்லி ஆலையில் 1980இல் மோட்டார் உற்பத்தி நின்றது. வேலையில்லாத் திண்டாட்டம் தெருவுக்குத் தெரு பரவிற்று. ஊர் தாழ்ந்த அந்நாளிலும் கழகம் மட்டும் தாழவில்லை என்பது வியப்பு. 1987 மே மாதம் வெம்ப்ளியில் டாட்டன்ஹாம் அணியை 3-2 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கொண்டுவந்தது. இழந்துகொண்டே இருக்கும் ஊருக்கு இத்தகைய வெற்றி என்னவெல்லாம் செய்யும் என்பதைப் பொருளாதாரப் புள்ளிவிவரங்களில் தேடிப் பயனில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உயர் பிரிவில் ஆடிய பின், 2001இல் கழகம் கீழிறங்கிற்று. அதற்கு முன்பே ஒரு பெருந்திட்டம் வகுத்திருந்தார்கள்: ஹைஃபீல்ட் ரோட்டை விற்றுவிட்டு, நகரின் வடக்கே ஃபோல்ஸ்ஹில்லில் பாழ்பட்டுக் கிடந்த பழைய எரிவாயு ஆலை நிலத்தில் மாபெரும் அரங்கம் எழுப்புவது. கீழிறங்கிய கழகத்திடம் பணமில்லை. நகரசபை முன்வந்தது. வெறும் விளையாட்டு ஆசை அன்று அதன் நோக்கம். நச்சேறிய நிலம் சீராகும்; கடைகள் வரும்; வேலை வரும்; நலிந்த வட பகுதி நிமிரும். இந்த நோக்கத்தைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஏறத்தாழ 11 கோடியே 30 லட்சம் பவுண்டுச் செலவில் 2005 ஆகஸ்டில் அரங்கம் திறந்தது. அதற்கு ஜாகுவார் மோட்டார் கம்பெனியின் பெயரைச் சூட்டுவதாக ஏற்பாடு. ஆனால் அக்கம்பெனி கொவெண்ட்ரியின் ப்ரௌன்ஸ் லேன் ஆலையில் மோட்டார் செய்வதையே நிறுத்த முடிவு செய்து, பெயர் கொடுப்பதிலிருந்தும் விலகிக்கொண்டது. ஜப்பானிய ரிக்கோ கம்பெனியின் பெயர் அவ்விடத்தில் ஏறிற்று. அந்நகரின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு பெயர்ப் பலகையில் படித்துவிடலாம்.

அரங்கத்தை நடத்திய கம்பெனியில் ஒரு பாதி நகரசபைக்கு. மறுபாதி கழகத்துடையதாக இருந்தது. நெருக்கடியில் அப்பாதியைக் கழகம் ஹிக்ஸ் அறக்கட்டளைக்குச் சுமார் 65 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டது. அந்த நகரின் ஏழைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட தருமம் அது. ஆக, நூறாண்டுக்கு மேல் சொந்த மைதானத்தில் ஆடிய கழகம், தன் கனவிலேயே பிறந்த அரங்கத்தில் குடிக்கூலிக்காரனாக நுழைந்தது.

கூலி ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல். உயர் பிரிவுக்குத் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையில் இசைந்த தொகை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆட்ட நாளில் உணவு, பானம், வண்டி நிறுத்தம் ஆகியவற்றால் வரும் இலாபம் அரங்கக் கம்பெனிக்கே சேர்ந்தது. நுழைவுச் சீட்டுப் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்களின் ஊதியத்தையும் கொடுத்து, வாடகையையும் கொடுப்பது எங்ஙனம்? 2007இல் கழகத்தை வாங்கிய முதலீட்டு நிறுவனத்தின் பெயர் சிசு. தமிழில் அச்சொல்லுக்குள்ள பொருளை எண்ணி எவரும் ஏமாந்துவிட வேண்டாம். இலண்டனில் இயங்கிய கைதேர்ந்த நிறுவனம் அது. 2012இல் கழகம் மூன்றாம் தரப் பிரிவுக்கு வீழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் வாடகை கொடுப்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

வாடகை நின்றால் அரங்கக் கம்பெனி வங்கிக் கடனைக் கட்டுவது எப்படி? நகரசபை 2013 ஜனவரியில் 1 கோடியே 44 லட்சம் பவுண்டு கொடுத்து, வங்கிக் கடனைத் தீர்த்து, தானே கடன்காரர் நிலையில் அமர்ந்தது. சபைக்கும் கழகத்துக்கும் இடையே இருந்த மெல்லிய நூலும் இதோடு அறுந்தது. மார்ச்சில் கழகம் நொடிப்பு நிருவாகத்துக்குச் சென்றது. அடுத்த பருவத்தில் அணி நார்தாம்ப்டனுக்கு நடந்தது. முந்தைய ஆண்டு பத்தாயிரம் பேர் கூடிய இடத்தில், இப்போது இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். எஞ்சியவர்களில் சிலரையே நாம் மேட்டின்மீது கண்டோம்.

அந்த மேட்டின் கீழே இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. அதே 2013ஆம் ஆண்டில் நார்தாம்ப்டன் நகரசபையும் தன் ஊர்க் கழகத்துக்காகக் கடன் கொடுத்தது.

நார்தாம்ப்டன் செருப்பும் பூட்சும் தைத்த ஊர். உலகப் போர்களில் பட்டாளத்தின் கால்களுக்குப் பூட்சு கொடுத்த ஊர். கழகத்தின் செல்லப் பெயரே ‘காபளர்ஸ்’, அதாவது காலணி தைப்போர். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிய பின்னும் அப்பெயர் நிலைத்தது. 1992இல் கழகம் கடனில் மூழ்கியபோது ரசிகர்களே கூடி ஓர் அறக்கூட்டமைப்பை நிறுவினார்கள். பின்னர் நாடெங்கும் தோன்றிய ரசிகர் கூட்டமைப்புகளுக்கு அதுவே முன்மாதிரி. 1994இல் திறந்த சிக்ஸ்ஃபீல்ட்ஸ் அரங்கமும் நகரசபை கட்டிக் கொடுத்ததே. அதுவரை கிரிக்கெட் மைதானத்தின் ஓர் ஓரத்தில், மூன்று பக்கம் மட்டுமே பார்வையாளர் இருக்க, ஆடிவந்த கழகம் அது. நகரசபை கட்டியது, சபையின் சொத்தாகவே இருந்தது, ஊர் ஆடிற்று. இவ்வளவு எளிமையாக நடந்த காரியம் நம் கதையில் இது ஒன்றே.

2013இல் கொடுத்த கடன் வேறு வகை. கிழக்கு மாடத்தை விரிவாக்கவும் விடுதி முதலியன கட்டவும் 1 கோடியே 2 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு வழங்கினார்கள். பணம் கழகத்தின் வழியாகக் கட்டட வேலைக்கான கம்பெனி ஒன்றுக்குச் சென்றது. கிழக்கு மாடம் எலும்புக்கூடாய் நின்றது. கட்டியவர்களுக்குக் கூலி போய்ச் சேரவில்லை. கம்பெனி நொடித்தது. 2015 இலையுதிர் காலத்தில் கழகமும் மூழ்கும் நிலைக்கு வந்தது. போலீஸ் விசாரணை தொடங்கிற்று. நவம்பரில் புதிய உரிமையாளர் வந்தார். அரங்கத்தைச் சூழ்ந்த நிலத்தின்மீதான உரிமைகளை வாங்கிக்கொண்டு, கழகத்தின் கடனை நகரசபை விட்டுக்கொடுத்தது. போதிய ஆய்வின்றியும் கண்காணிப்பின்றியும் ஊர்ப் பணத்தைக் கொடுத்ததாகத் தணிக்கையாளர் 2021இல் வெளியிட்ட அறிக்கை சபையைச் சாடியது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாள், மாவட்ட நிருவாகச் சீரமைப்பில், கடன் கொடுத்த சபையே இல்லாமற் போயிற்று.

பொதுப் பணத்தை அமானிதம் என்று சொல்லிப் பழகிய நமக்கு நார்தாம்ப்டனின் குற்றம் உடனே விளங்கிவிடும். கொவெண்ட்ரியின் குற்றம் அவ்வளவு எளிதில் விளங்காது. ஏனெனில் அங்கே ஒரு காசும் களவு போகவில்லை. கடன் சட்டத்துக்கு முரணானது என்று சிசு தொடுத்த வழக்கில், அது முறையானதே என்று 2014இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

அப்படியானால் ஊர் இழந்தது எதை? 2014 செப்டம்பர் 5ஆம் நாள் அணி ஊர் திரும்பிற்று. அன்று கில்லிங்ஹாமை எதிர்த்து நடந்த ஆட்டத்துக்கு 27,306 பேர் வந்தார்கள். மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்கு! பிரிந்த பிள்ளையைக் காண வந்த கூட்டம் அது. ஒரு திங்கள்தான் கழிந்தது. அக்டோபரில் அரங்கக் கம்பெனியை இலண்டனில் தோன்றிய ‘வாஸ்ப்ஸ்’ என்னும் ரக்பி கழகத்துக்கு விற்க நகரசபை முடிவு செய்தது. சபையின் பாதிக்கும் அறக்கட்டளையின் பாதிக்கும் தலைக்குச் சுமார் 27 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டு. குத்தகைக் காலம் 250 ஆண்டுகளாக நீண்டது. ஏழைப் பிள்ளைகளின் தருமப் பணத்தில் பாதிக்கு மேல் கரைந்தது என்பதை வாசகர் கணக்கிட்டுக்கொள்ளலாம். மறு ஆண்டு வாஸ்ப்ஸ் பொதுமக்களிடம் கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தால் நகரசபையின் கடன் தீர்ந்தது.

கணக்குப் புத்தகத்தில் கொவெண்ட்ரி பிழைத்தது, நார்தாம்ப்டன் தோற்றது. மைதானத்தில் நேர்மாறு. நார்தாம்ப்டன் அணி அந்தக் கொந்தளிப்புக்கிடையிலும் தன் ஊரிலேயே ஆடி, 2015-16ஆம் பருவத்தில் 99 புள்ளிகளுடன் நான்காம் பிரிவை வென்றது. கொவெண்ட்ரி அணி வாஸ்ப்ஸின் குடிக்கூலியாய் இருந்து, 2017இல் நான்காம் பிரிவுக்கே இறங்கி, வழக்குகள் ஓயாமையால் 2019 முதல் இரண்டாண்டுகள் பர்மிங்ஹாமில் மீண்டும் அயல்மண் மிதித்தது. அந்த அயல்மண்ணில் ஆடியே 2020இல் மூன்றாம் பிரிவை வென்றதையும் சொல்ல வேண்டும்.

நகரசபை கடன் கொடுத்ததில் தவறில்லை என்பதே நம் கருத்து. ஈடு கேட்டார்கள், வட்டி கேட்டார்கள், முறைப்படி வசூலித்தார்கள். ஆனால் ஊரின் அணி இந்த மண்ணில் ஆடும் உரிமையை எந்தப் பத்திரத்திலும் முதல் வரியாக எழுதவில்லை. மறுதரப்பைக் குறை சொல்லவும் நிறைய உண்டு. ஒப்பிய வாடகையை நிறுத்தியவர்கள் அவர்கள். வீட்டுக்காரனும் குடியிருப்பவனும் வழக்காடினால் இருவருக்கும் வக்கீல் உண்டு. ரசிகனுக்கு யார் உண்டு?

வாங்கிய வாஸ்ப்ஸும் நிலைக்கவில்லை. கடன் பத்திரப் பணத்தைத் திருப்பித் தர இயலாமல் 2022 அக்டோபரில் நொடித்தது. அரங்கத்தை நவம்பரில் ஃப்ரேசர்ஸ் என்ற வணிகக் குழுமம் 1 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. கழகமும் சிசுவின் கையிலிருந்து 2023 ஜனவரியில் டக் கிங் என்பவரிடம் சென்றது. அவ்வாண்டு மே மாதம் முதன்மைப் பிரிவுக்கு ஏறும் இறுதி ஆட்டத்தில், லூட்டனிடம் பெனால்டி உதைகளில் தோற்றது.

2025 ஆகஸ்டில், அரங்கம் திறந்து சரியாக இருபது ஆண்டுகள் ஆனபோது, அதை ஃப்ரேசர்ஸிடமிருந்து கழகத்துக்காக வாங்கிவிட்டதாக டக் கிங் அறிவித்தார். ஹைஃபீல்ட் ரோடு மைதானம் இருந்த இடத்தில் அதற்குள் வீடுகள் எழுந்து, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அங்கே வளர்ந்துவிட்டார்கள்.