மனச்சிதைவுக்குத் துணைமருந்தாக அமுக்கரா

சித்த மருத்துவம் அமுக்கரா என்றும் ஆயுர்வேதம் அசுவகந்தா என்றும் அழைக்கும் செடி, கத்தரியும் தக்காளியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. பச்சை வேரைக் கிள்ளி முகர்ந்தால் எழும் குதிரை வாடைதான் அதன் வடமொழிப் பெயருக்குக் காரணம். ‘விதானியா சோம்னிஃபெரா’ என்ற தாவரவியல் பெயரின் பிற்பாதிக்கு உறக்கம் தருவது என்று பொருள். உடல் தேற்றவும் தூக்கத்துக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்த இந்த வேர், கடந்த சில ஆண்டுகளில் ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய்க்கான ஆய்விலும் இடம்பிடித்திருக்கிறது. அங்கே அது முதன்மை மருந்தாகப் பரிசோதிக்கப்படவில்லை. நோயாளி ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைமருந்தாகவே பரிசோதிக்கப்பட்டது. அந்தப் பரிசோதனையின் முடிவு நம்பிக்கை தருகிறது. ஆனால் அது எதைக் காட்டியது என்பதைப் பெரும்பாலோர் தவறாகப் படிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், துணைமருந்து ஏன் தேவைப்படுகிறது? உலகில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து இன்றுவரை புழக்கத்தில் உள்ள மருந்துகளில் பெரும்பாலானவை, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பதன் மூலமே செயல்படுகின்றன. இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்றவை இம்மருந்துகளால் பலருக்கு அடங்குகின்றன. அடங்காமல் நிற்பவை வேறு: பேச்சு சுருங்குவது, முகத்தில் உணர்ச்சி வற்றுவது, குளிப்பதிலும் உடுத்துவதிலும் கூட நாட்டம் போவது, வீட்டுக்குள்ளேயே ஒதுங்கிவிடுவது. இவற்றைக் குறை அறிகுறிகள் என்பார்கள். குரல்கள் நின்ற பிறகும் ஒருவரை வேலைக்கும் உறவுக்கும் திரும்ப விடாமல் தடுப்பவை பெரும்பாலும் இவைதாம். இவற்றுக்கென்று உறுதியான மருந்து இன்னும் வாய்க்கவில்லை. அதே சமயம், இருக்கும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து மிகுதி. ஆகவே முதன்மை மருந்தை எல்லோருக்கும் அப்படியே தொடர்ந்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் புதிய பொருளையும் மீதிப் பேருக்கு மருந்துப்போலியையும் கூடுதலாகத் தருவதே நியாயமான வழி. மூலிகை மட்டுமே போதுமா என்று மனிதர்களை வைத்துச் சோதிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கே. என். ராய் செங்கப்பாவின் குழு 2013 முதல் 2016 வரை நடத்திய பரிசோதனை இந்த முறையில்தான் அமைந்தது. முடிவுகள் 2018இல் வெளியாயின. மனச்சிதைவோ அதை ஒட்டிய மனநிலைக் கோளாறோ உள்ளவர்களில், அறிகுறிகள் அண்மையில் கூடியிருந்த 68 பேர் சேர்க்கப்பட்டார்கள். 34 பேருக்குத் தரப்படுத்தப்பட்ட அமுக்கரா சாறு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம், 34 பேருக்கு மருந்துப்போலி என்று 12 வாரம் கொடுக்கப்பட்டது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. நான்காம் வாரத்திலிருந்தே அமுக்கரா குழுவில் குறை அறிகுறிகளும் பொது அறிகுறிகளும் அறிகுறி அளவுகோலின் மொத்த மதிப்பெண்ணும் கூடுதலாகக் குறைந்தன. மன அழுத்தத்தை அளக்கும் கேள்வித்தாளிலும் முன்னேற்றம் தெரிந்தது. குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கை ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் அமுக்கரா குழுவில் சற்று அதிகமாக இறங்கியது. ஆனால் அது தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தைத் தாண்டும் அளவுக்கு இல்லை.

மொத்த மதிப்பெண்ணில் தெரிந்த விளைவளவு 0.83. அமுக்கரா எடுத்த சராசரி நோயாளி, மருந்துப்போலி எடுத்த பத்துப் பேரில் எட்டுப் பேரைவிடத் தேறியிருந்தார் என்று இதற்குத் தோராயமாகப் பொருள். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அறுபது ஆண்டுக் காலத்தில் நடந்த 167 பரிசோதனைகளைத் திரட்டி 2017இல் வெளிவந்த ஆய்வு, மனச்சிதைவுக்கான முதன்மை மருந்துகளுக்கே மருந்துப்போலிக்கு மேலான விளைவளவு சராசரியாக 0.47 என்றுதான் கண்டது. முதன்மை மருந்து தனியாகச் சாதிப்பதைவிட, அதன்மேல் சேர்த்த வேர்ச்சாறு ஏறக்குறைய இரண்டு மடங்கு சாதிக்குமா? சாதிக்கலாம். ஆனால் குழுவுக்கு 34 பேர் என்ற சிறிய எண்ணிக்கையில் கணக்கின் தடுமாற்றமும் பெரிது: உண்மையான விளைவு 0.3க்கும் 1.3க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கீழ்முனை உண்மையானால் அது சிறு உதவி. மேல்முனை உண்மையானால் மருத்துவமே மாறும். இவ்வளவு அகலமான இடைவெளியை வைத்துக்கொண்டு யாருக்கும் மருந்துச் சீட்டு எழுத முடியாது.

இந்த எச்சரிக்கை மூலிகை என்பதால் எழுவதல்ல என்பதற்கு மினோசைக்ளின் சாட்சி. அது பழைய ஆன்டிபயாட்டிக், அழற்சியைத் தணிக்கக்கூடியது. 2010இல் இஸ்ரேலில் 54 பேரிடமும், 2012இல் பிரேசில், பாகிஸ்தான் இரண்டிலுமாக 144 பேரிடமும் துணைமருந்தாகச் சோதித்தபோது குறை அறிகுறிகள் குறைந்தன. இரண்டு பரிசோதனைகள், இரண்டிலும் நல்ல முடிவு. பிறகு பிரிட்டனில் 207 பேரிடம் ஓராண்டுக்கு நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2018இல் வந்தது: பயன் ஏதுமில்லை. அமுக்கராவுக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அமுக்கராவின் கையில் இருப்பது, மினோசைக்ளினிடம் ஒருகாலத்தில் இருந்ததைவிடக் குறைவான சான்று.

இனி, எது குறைந்தது என்ற கேள்வி. எனக்கு இதுவே முதன்மையானதாகப் படுகிறது. பரிசோதனையில் பயன்பட்ட பான்ஸ் என்ற அளவுகோல் 1987இல் உருவானது. மொத்தம் 30 இனங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஏழு இனங்கள் குரல், பொய்நம்பிக்கை போன்றவற்றுக்கு. ஏழு குறை அறிகுறிகளுக்கு. மீதமுள்ள 16 பொதுவானவை. அந்தப் பதினாறின் பட்டியலைப் படித்தாலே விஷயம் விளங்கும்: பதற்றம், குற்ற உணர்வு, இறுக்கம், சோர்வு, உடம்பைப் பற்றிய கவலை. மன அழுத்தத்தைத் தணிக்கும் எந்தப் பொருளும் இவற்றை இறக்கும். இவை இறங்கினால் மொத்த மதிப்பெண்ணும் இறங்கும். குறை அறிகுறிகளிலும் இந்தக் கலப்பு உண்டு. சமூகத்திலிருந்து ஒதுங்குவதை மதிப்பிடுபவர் நேர்காணலில் மட்டும் பார்த்துவிட முடியாது. வீட்டார் சொல்வதைக் கேட்டே மதிப்பெண் போடுவார். ‘போன வாரத்திலிருந்து சாப்பிடும்போது எங்களோடு வந்து உட்காருகிறான்’ என்று ஒரு தாய் சொன்னால் ஒரு படி குறையும். அவன் வந்து உட்கார்ந்தது நாட்டம் மீண்டதாலா, பயம் குறைந்ததாலா, முந்தைய இரவு நன்றாகத் தூங்கியதாலா என்று அந்த ஒரு எண் சொல்லாது. அதே பரிசோதனையின் தரவுகளை வைத்து 2019இல் வந்த கட்டுரை, மனச்சோர்வும் பதற்றமும் அமுக்கரா குழுவில் குறைந்ததாகக் காட்டியது இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆக, கையிலுள்ள சான்றின் மிக இயல்பான பொருள் இது: அமுக்கரா, மனச்சிதைவு உள்ளவர்களின் அழுத்தத்தையும் பதற்றத்தையும் தணித்திருக்கக்கூடும். அதுவே பெரிய நன்மை. ஆனால் மனச்சிதைவையே அது மாற்றியது என்பது வேறு கூற்று. அதற்கு இந்த ஆய்வு போதாது.

யாருக்கு எது என்ற மறைப்பு எவ்வளவு காக்கப்பட்டது என்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. குதிரை வாடை வீசும் வேருக்குப் போலி செய்வது எளிதல்ல. குப்பிக்குள் அடைத்தாலும் மூடியைத் திறந்தவுடன் மூக்கு கண்டுபிடித்துவிடக்கூடும். அமுக்கரா குழுவில் தூக்கக் கலக்கமும் மேல்வயிற்று உபாதையும் இளகிய மலமும் கூடுதலாக இருந்தன. தனக்கு ‘உண்மை மருந்து’ கிடைத்திருக்கிறது என்று ஊகித்த ஒருவர், அந்த ஊகத்தாலேயே சற்றுத் தெம்பாகப் பேசலாம்.

நம் முன்னோர் பல தலைமுறையாகச் சாப்பிட்டது, இதைவிடப் பெரிய பரிசோதனை வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் ஒரு நல்ல உதாரணம் இருப்பதை மறுக்க முடியாது. மனக்கோளாறுக்கு நாட்டு மருத்துவம் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேரைப் பற்றிக் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினார்கள். அதிலிருந்து ரிசர்பின் 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. 1954இல் நேதன் க்ளைன் அதை நியூயார்க் மாநில மனநல மருத்துவமனை நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார். நவீன மனநல மருந்தியல் பிறந்தபோது இந்திய மூலிகை ஒன்று அங்கே இருந்தது. மரபு சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் ரத்த அழுத்தம் வீழ்வதையும் சிலருக்கு ஆழ்ந்த சோர்வு வருவதையும் அளந்து காட்டியது மரபு அல்ல, முறையான கவனிப்பு. மேலும் சர்ப்பகந்தியை மனக்கோளாறுக்கென்றே கொடுத்தார்கள். அமுக்கராவைப் பெரும்பாலும் உடல் தேறவும் உறங்கவும் கொடுத்தார்கள். ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்ற இன்றைய மனச்சிதைவு மருந்துகளோடு சேர்த்து அதை விழுங்கிய தலைமுறை நம் முன்னோரில் கிடையாது.

இன்னொரு மறுப்பு சித்த மருத்துவத்தின் பக்கமிருந்தே வரும், அது வலுவானது: ஆய்வுக்கூடச் சாறு அமுக்கரா சூரணம் ஆகாது. உண்மைதான். பிட்ஸ்பர்க்கில் கொடுத்தது வேரோடு இலையும் சேர்த்து எடுத்து, வித்தனோலைடு வேதிப்பொருள்களின் அளவு குறித்துத் தரப்படுத்திய சாறு. மரபில் முதன்மையானது வேர். இலையைத் தவிர்க்குமாறு இந்திய ஆயுஷ் அமைச்சகமே 2021இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. சூரணத்திலோ அமுக்கராவுடன் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு எல்லாம் சேரும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினின் அளவை ரத்தத்தில் உயர்த்துவது சிறு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எனவே இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டால் அதன் விளைவையும் ஏற்க வேண்டும்: ஆய்வின் நற்பெயரை நாட்டுமருந்துக் கடைப் பொட்டலத்துக்கும், இணையத்தில் விற்கும் மாத்திரைக்கும் மாற்றி எழுத முடியாது. சூரணத்துக்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

தீங்கற்றதுதானே, முயன்று பார்த்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. பன்னிரண்டு வாரத்தில், 34 பேரில், கடுமையான தீங்கு தெரியாமல் போனது ஆறுதலே. ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பை 34 பேரிடம் காண முடியாது. அமுக்கரா எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டு மஞ்சள் காமாலை கண்ட நிகழ்வுகள் ஐஸ்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 2020இல் பதிவாயின. டென்மார்க் 2023இல் அதைத் தடை செய்தது. தடை மிகையானது என்று வாதிடலாம். ஆனாலும் மனநல மருந்துகளில் சில தாமே கல்லீரலைத் தொடுபவை, பல தூக்கத்தைக் கூட்டுபவை. தைராய்டு சுரப்பைத் தூண்டியதாகவும் அமுக்கரா பற்றி அறிக்கைகள் உண்டு. மிகைத் தைராய்டு தரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் நோய் திரும்புகிறது என்று குடும்பம் தவறாக எண்ணிவிடலாம்.

எல்லாவற்றையும்விட மனத்தைத் தொடும் மறுப்பு, காத்திருக்க நேரமில்லை என்பது. மகன் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டில் புள்ளிவிவரம் எடுபடாது. அந்தத் தவிப்பு நியாயமானது. அதனால்தான் அடுத்த பரிசோதனை விரைவாகவும் சரியாகவும் நடக்க வேண்டும். நோய் கூடியிருக்கும் நேரத்தில் அல்லாமல், குரல்கள் அடங்கி, குறை அறிகுறிகள் மட்டும் மாதக்கணக்கில் நிலைத்து நிற்பவர்களைச் சேர்க்க வேண்டும். சோர்வும் பதற்றமும் மிகுந்தவர்களைத் தனியே பிரித்து அளந்தால்தான், நாட்டம் மீண்டதா பயம் தணிந்ததா என்பது தெரியும். பல ஊர்களில், சில நூறு பேரிடம், குறைந்தது ஆறு மாதம் நடத்த வேண்டும். தொடக்கத்திலும் இடையிடையேயும் கல்லீரல், தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் வேண்டும். முடிவில் ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டு, அந்தப் பதிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செடிக்குக் காப்புரிமை கிடையாது என்பதால் பெரிய நிறுவனங்கள் இதற்குப் பணம் போடத் தயங்கும். வேர் விளையும் நாடுகளின் பொது நிதியே முன்வர வேண்டியிருக்கும். அதுவரை, அமுக்கராவை ஏற்கெனவே எடுத்துக்கொள்பவர்கள் மனநல மருத்துவரிடம் அதன் பெயரையும் அளவையும் சொல்லிவிட வேண்டும், பழைய மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரை இல்லாமல் அமுக்கரா என்ன செய்யும் என்பதை எந்தத் துணைமருந்துப் பரிசோதனையும் கேட்கவே இல்லை.