தேயிலை நாடும் பால்மர நாடும்

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையால் உந்தப்பட்டுத் தமிழர் கடல் கடந்தனர். சிலர் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலை மலைகளுக்கும், சிலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றனர். இரு சாராரையும் அழைத்துச் சென்றவர் கங்காணியே. இரு சாராருக்கும் உறைவிடமானது லயன் வீடே. ஆயினும், அவர்தம் வாழ்வு ஒரே வகையாய் அமையவில்லை. அதன் காரணங்களை ஆராய்தல் தமிழ் மாணவர்க்குப் பயன்தரும்.

தொடக்கத்தில் இலங்கைத் தொழிலாளியை வாட்டியது கடன். பயணச் செலவு அவன் பெயரில் பற்றெழுதப்பட்டது. கங்காணியின் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டம் செல்ல இயலாதவாறு 'துண்டு' முறை அவனைப் பிணித்தது. 1921ஆம் ஆண்டில்தான் அம்முறை ஒழிந்தது. மலாயாவிலோ, 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி தோன்றியது. தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்தைக் கொண்டு பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறையும் 1910இல் முடிவுற்றது.

ஆனால், உடல்நலத்தில் நிலைமை வேறு. இலங்கையின் குளிர்ந்த மலைகளில் மலேரியா அரிது. மலாயாவின் தாழ்நிலங்களிலோ, காடழித்த இடங்களில் அக்காய்ச்சல் எண்ணற்றோரைப் பலிகொண்டது. 1930ஐ அடுத்த பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கானோர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதை பல குடும்பங்களைச் சிதைத்தது. இத்தகைய பேரிடரை இலங்கைத் தோட்டங்கள் காணவில்லை.

எனவே, விடுதலைக்கு முன் எந்நாட்டு வாழ்வு மேலானது என உறுதிபடக் கூறல் அரிது. விடுதலைக்குப் பின்னரே இரு பாதைகளும் தெளிவாகப் பிரிந்தன.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

மலாயாவில் 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு, விடுதலை நாள் முதல் இம்மண்ணில் பிறந்தோர்க்குக் குடியுரிமை வழங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சேமிப்பால் தோட்டங்களுக்கே உரிமையாளராயினர். தோட்டப் பள்ளிகளும் தேசியக் கல்வி அமைப்பினுள் இடம்பெற்றன. இலங்கையிலோ, தோட்டப் பள்ளிகள் 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின.

மலேசியாவிலும் குறையில்லாமல் இல்லை. பத்திரமின்மையால் குடியுரிமை பெறாதோர் பலர்; 1969க்குப் பின் வேலை அனுமதி கிடைக்காமல் கப்பலேறியோரும் பலர். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தோரும் உளர்.

வாழ்க்கைத் தரம் என்பது கூலியும் உணவும் மட்டுமன்று. பள்ளி, நிலம், வாக்கு ஆகியவற்றை உரிமையோடு கேட்கும் நிலையும் அதனுள் அடங்கும். அந்நிலையைத் தருவது குடியுரிமையே என்பதை இவ்விரு நாட்டுத் தமிழர் வரலாறும் மெய்ப்பிக்கின்றது.