தக்காளிக்கும் ராத்திரி வேண்டும்

மனைவி மறைந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் சாம்பலில் புரட்டி, காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்த நாட்டுத் தக்காளி விதைப் பொட்டலம் ஒன்று சமையலறை அலமாரியில் அகப்பட்டது. சொந்த வீட்டை விட்டு ஃபிளாட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு வெயிலே கிடையாது. வடக்குப் பார்த்த பால்கனி, எதிரே நாலு மாடிக் கட்டடம். இருந்தாலும் இருந்த விதையெல்லாம் போட்டேன். ஏழு முளைத்தன.

பிரான்சில் இருக்கும் மகள் வந்திருந்தபோது, செடிக்கென்றே விற்கும் எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டிவிட்டுப் போனாள். பால்கனியில் வெயில் இல்லாத குறையை ஈடுகட்ட வேண்டுமே என்று இரவு பகல் அணைக்காமல் எரியவிட்டேன். மூன்றாவது வாரம் இலைகள் திட்டுத் திட்டாக மஞ்சளாயின. தண்ணீர் குறைவோ என்று ஊற்றினேன். அதிகமோ என்று நிறுத்தினேன். ஐந்து செடிகள் போய்விட்டன.

மகள் போனில் கேட்டாள்: "ராத்திரியில அணைக்கிறீங்களாப்பா?"

"எதுக்கும்மா அணைக்கணும்? கரண்ட் பில் நான்தானே கட்டறேன்?"

"அதுவும் தூங்க வேண்டாமாப்பா?"

ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்தவன் நான். காரணம் தெரியாமல் விட மனம் வரவில்லை. தேடிப் படித்ததில், என்னைவிடப் பெரிய மனிதர்களும் இதே கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

முதலாமவர் வில்லியம் சீமென்ஸ். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர். கென்ட் பகுதியில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் ஆர்க் விளக்கை ஏற்றி, இரவெல்லாம் செடிகளுக்கு வெளிச்சம் காட்டினார். 1880 மார்ச்சில் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிப் பேசியபோது, விளக்கின் முன் வைத்த துலிப் மொக்குகள் கூட்டத்தார் கண்ணெதிரே விரிந்தன. செடிக்கு ஓய்வு தேவையில்லை, பகலில் சூரியன், இரவில் மின்சாரம் போதும் என்பது அவர் முடிவு. அவர் சோதித்த செடிகளுக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். எல்லாச் செடியும் ஒன்றல்ல.

இருட்டின் பக்கம் முதலில் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர் ழூலியன் தூர்நுவா. பாரிஸ் எக்கோல் நோர்மாலில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு இவர் பெயர் எழுபது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. பீருக்குக் கசப்புத் தருகிற 'ஊப்லோன்' கொடியின் ஜப்பானிய இனத்தையும், கஞ்சா இனத்துச் சணலையும் வளர்த்தார். குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் விதைத்தவை குழந்தைப் பருவத்திலேயே பூத்துவிட்டன. தினம் சில மணி நேரம் மட்டும் வெளிச்சம் காட்டிப் பார்த்தார். அப்போதும் அப்படியே. பகல் குறைந்ததைவிட இரவு நீண்டதுதான் காரணம் என்று எழுதினார். அவர் கட்டுரைகள் வந்தது 1912லும் 1914லும். அந்த 1914லேயே யுத்தம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

நம்மூர்க் கடற்கரையில் அந்த யுத்தத்துக்குப் போன புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறதல்லவா? சிறுவனாக நவம்பர் 11 அன்று அங்கே வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த யுத்தம் சோதனைக்கூடத்தையும் விட்டுவைக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

1920ல் அமெரிக்க விவசாயத் துறையின் கார்னரும் அல்லார்டும் புகையிலை, சோயா செடிகளை இருட்டறைக்குள் வைத்தும் எடுத்தும் பகல் நீளத்தின் பங்கை நிலைநாட்டினார்கள். புகழ் அவர்களுக்குப் போயிற்று. அதில் நியாயமும் உண்டு, அவர்கள் சோதனை விரிவானது.

பூப்பதைப் பொறுத்தவரை தக்காளி பகல் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதனால் அதற்கு எத்தனை மணி நேர வெளிச்சமும் ஆகும் என்று நினைக்கத் தோன்றும். நியூயார்க் அருகே யோங்கர்ஸில் அப்போது இருந்த பாய்ஸ் தாம்ப்சன் நிலையத்தில் ஆர்தரும் அவர் கூட்டாளிகளும் 24 மணி நேர விளக்கில் தக்காளியை வளர்த்துப் பார்த்தார்கள். 1930ல் வெளியான அவர்கள் கட்டுரை, ஓயாத வெளிச்சத்தில் தக்காளி இலைகள் கெட்டுப்போவதைச் சொல்கிறது. என் பால்கனியில் நான் கண்டதும் அதுதான். பிறகு 1956ல் ஹில்மன் என்பவர், வெளிச்சம் ஓயாவிட்டாலும் வெப்பம் தினம் ஏறி இறங்கினால் சேதம் குறைகிறது என்று காட்டினார். செடிக்கு நாள் என்று ஒன்று, எப்படியாவது தெரிந்தாக வேண்டும் போலும்.

மரபணு விளக்கம் 2014ல்தான் வந்தது. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தார் காட்டுத் தக்காளி இனங்கள் சில ஓயாத ஒளியைத் தாங்குவதைக் கண்டார்கள். வெளிச்சத்தைப் பிடிக்கும் புரதம் ஒன்றின் மரபணு நம் தோட்டத் தக்காளியில் ஓயாத ஒளியில் அடங்கிப்போகிறது, காட்டுத் தக்காளியில் அடங்குவதில்லை. அந்தக் குணத்தைத் தோட்டத் தக்காளியில் ஏற்றி, விளக்கை அணைக்காமல் வளர்த்ததில் மகசூல் 20 சதவீதம் வரை கூடியது. ஆக, சீமென்ஸ் கண்ட கனவு முழுப் பொய்யுமில்லை. ஆனால் என் மனைவி வைத்துவிட்டுப் போனது அந்த ரகமில்லையே.

வெயில் படும் மாடி உள்ளவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். ஆறேழு மணி நேரம் நேர் வெயில் பட்டால் போதும், இருட்டு தானாக வரும். என்னைப் போல விளக்கை நம்புகிறவர்கள் நாற்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் காட்டிவிட்டு அணைத்துவிடுங்கள்.

காலை ஐந்தரைக்கு நான் எழுந்ததும் போடுகிறேன், ராத்திரி எட்டரை மணிக்கு அணைக்கிறேன். மிஞ்சிய இரண்டு செடிகளில் ஒன்று இன்னும் குச்சியாகத்தான் நிற்கிறது. மற்றதில் மூன்று பிஞ்சு. முதல் பழத்தை யாரும் சாப்பிடக் கூடாது, விதைக்கு என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.